ட்வைட் எழுதினால் நானும் எழுதுவேன்

அமெரிக்காவின் வடக்கே டன்மோர் மில்ஸ் என்ற சின்ன ஊரில் க்ளாடெட் பெல்க்கி என்றால் பீன்ஸ். மார்ச் மாத இரண்டாம் செவ்வாய்க்கிழமை, ஊரே கூடி ஓட்டுப் போடும் ஊர்க்கூட்ட நாளில், காலை முழுக்கப் பாலத்துக்கும் புது டிராக்டருக்கும் முட்டி மோதிச் சண்டை போட்ட நூற்று நாற்பது பேர் மதியம் ஒரே வரிசையில் தட்டோடு வந்து நிற்பது அவள் முன்னால்தான். முந்தின இரவே ஊறப்போட்டு, பன்றிக்கொழுப்பும் மேப்பிள் பாகும் கடுகுப்பொடியும் சேர்த்து, பள்ளிச் சமையற்கட்டில் குழைய வேகவைத்த பீன்ஸ்.

"பாலத்துக்கு எதிரா ஓட்டுப் போட்டவனுக்கும் உண்டா க்ளாடெட்?" என்று யாராவது வருஷம் தவறாமல் கேட்பார்கள்.

"உண்டு. கொழுப்புத் துண்டுதான் கிடையாது."

இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பள்ளிச் சமையற்கட்டில் இருக்கிறாள். எந்தப் பிள்ளைக்கு வேர்க்கடலை ஆகாது, எந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை இரண்டாவது தட்டு கேட்டால் வீட்டில் அடுத்த இரண்டு நாளும் அடுப்பு எரியாது என்று அர்த்தம், எல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். இரண்டாவது தட்டை நிரப்பிக் கொடுத்துவிட்டு, "வழியை விடு, பின்னால ஆள் நிக்குது," என்பாள்.

பள்ளிப் படிப்பை முடிக்காதவள். பதினேழு வயதில் காகித ஆலையில் அவள் அப்பாவின் வலது கை உருளையில் சிக்கிக்கொண்டது. வீட்டில் ஆறு பிள்ளைகள், இவள் இரண்டாவது. மறு வாரமே அதே ஆலையில் தாள் அடுக்கும் வேலைக்குப் போனாள். பிறகு ஆலையை மூடினார்கள். வெண்டெலைக் கல்யாணம் செய்தாள். இரண்டு பெண்கள் பிறந்து, வளர்ந்து, தெற்கே வெயில் அடிக்கும் ஊர்களுக்குப் போய்விட்டார்கள். படிப்பை விட்டதற்காக க்ளாடெட் வருத்தப்பட்டதாக யாரும் பார்த்ததில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள், அவ்வளவுதான்.

அந்த வருஷம் சமையற்கட்டின் தலைவி டோனா ஓய்வு பெறப் போகிறாள் என்று செய்தி வந்தது. டோனாவுக்கு முதுகு போய் மூன்று வருஷமாகிறது. அந்த மூன்று வருஷமும் சாமான் வரவழைத்தது, வாராந்திர உணவுப் பட்டியல் போட்டது, அரசாங்கப் படிவங்களை நிரப்பியது எல்லாம் க்ளாடெட்தான். அந்த இடம் அவளுக்குத்தான் என்று ஊரில் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள். தலைமையாசிரியர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னபோதுதான் சந்தேகம் தட்டியது. அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"புது விதி வந்திருக்கு க்ளாடெட். அந்தப் பதவிக்குப் பள்ளிச் சான்றிதழ் கட்டாயமாம். என் கையில ஒண்ணுமில்ல."

"இல்லாட்டி?"

"வெளியூர்ல இருந்து ஒருத்தரைப் போடுவாங்க. மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள விண்ணப்பம் வரணும்."

வெளியூரிலிருந்து ஒருத்தர். அந்த ஒருத்தருக்கு உறைபனிப் பெட்டியை எந்தப் பக்கம் உதைத்தால் மூடும் என்று அவள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆக, ஐம்பத்து நாலு வயதில் க்ளாடெட் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தாள். செவ்வாயும் வியாழனும், பள்ளி நூலகத்தில். நடத்துகிறவர் எவெலின் ஃபார்னம். முப்பது வருஷம் வரலாறும் குடிமையியலும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். ஊர்க்கூட்டத்தின் தலைவரும் அவரேதான். பத்தொன்பது வருஷமாக அந்த மரச் சுத்தியலை அவர் கையிலிருந்து யாரும் வாங்க முயன்றதில்லை. க்ளாடெட் ஆங்கிலத்தைத் தாண்டினாள். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நானூறு பிள்ளைகளுக்குச் சூப் போடுகிறவளுக்குப் பின்னம் என்ன பெரிய விஷயம்? அறிவியலையும் முடித்தாள். மிச்சம் இருந்தது குடிமையியல்.

மூன்று வருஷத்துக்கு முன் மாநிலத்தில் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். ஐம்பது கேள்வி, முப்பத்தைந்துக்குக் குறைந்தால் யாருக்கும் சான்றிதழ் கிடையாது. ஜனவரியில் எழுதினாள். முப்பத்து நாலு.

எவெலின் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருந்த கேள்விகளில் ஒன்று அவளை நெடுநேரம் உறுத்தியது. 'உங்கள் ஊரில் சட்டம் இயற்றும் அமைப்பு எது?' அவள் 'நிர்வாகிகள் மூவர்' என்று எழுதியிருந்தாள். அந்த ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் அப்படித்தான் எழுதுவார்கள். அந்த மூவர்தான் கூட்டத்தில் முன்னால் மேசை போட்டு, எதிரே தண்ணீர்க் குவளை வைத்து, முகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"அவங்க சொன்னதைச் செய்யுறவங்க," என்றார் எவெலின். "சட்டம் போடுறது ஊர்க்கூட்டம். முப்பத்தாறு வருஷமா ஓட்டு அட்டையைத் தூக்கித் தூக்கி நீதான் போட்டுட்டு இருக்க."

"யாருமே எங்கிட்ட சொல்லலையே."

"இப்ப நான் சொல்லிட்டேன். மார்ச்ல மறுபடி எழுது. தாராளமா வாங்குவ."

கதை அங்கேயே முடிந்திருக்கும். மார்ச்சில் எழுதியிருப்பாள், தேறியிருப்பாள். ஆனால் மறுநாள் முட்டை வாங்கக் கடைக்குப் போனாள். அங்கே ட்வைட் ஹக்கின்ஸ் நின்றிருந்தான்.

ட்வைட் அந்தப் பகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், நாலாவது முறை. வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் விற்கிறவன். பாதி ஊர் குளிர்காலத்தில் அவன் லாரியை நம்பித்தான் இருக்கிறது. க்ளாடெட்டும் அவனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள், அவள் படிப்பை விடும் வரை. அந்தப் பரீட்சைச் சட்டத்தைக் கொண்டுவந்ததே தான்தான் என்று அவன் தேர்தல் துண்டுச்சீட்டிலேயே போட்டிருந்தான்.

"கேள்விப்பட்டேன் க்ளாடெட். ஒரே ஒரு மார்க்காமே?"

ஊர் அப்படி. விடைத்தாளில் மை காய்வதற்குள் கடைக்கு வந்துவிடும்.

"ஆமா."

"ஆறாங்கிளாஸ் பிள்ளைங்களே எழுதிடுதுங்க. நாங்க அந்தச் சட்டத்தைப் போட்டப்போ, இதுல யாரு தோக்கப் போறாங்கன்னு சிரிச்சுக்கிட்டோம்." அவன் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். கையில் காபியோடு, காலை வெயில் நல்லாயிருக்கு என்கிற மாதிரி சொன்னான்.

க்ளாடெட் முட்டைப் பெட்டியைத் திறந்து, உடைந்தது இருக்கிறதா என்று பார்த்தாள்.

"நீ எவ்வளவு வாங்கின?"

"எதுல?"

"இந்தப் பரீட்சையில."

"நான் எதுக்கு எழுதணும்? நான் அதைக் கொண்டுவந்தவன்."

பெட்டியை மூடினாள். "அப்ப சரி. நீ எழுதுற அன்னிக்கு நானும் எழுதுறேன். அதுவரைக்கும் மாட்டேன்."

வாயிலிருந்து அது வந்து விழுந்ததில் அவளுக்கே ஆச்சரியம். ஆனால் திரும்பி எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்குள் வெண்டெலுக்குச் செய்தி போய்விட்டது. வெண்டெல் ஊரின் சாலைப் பொறுப்பாளர். பனி தள்ளுவது, மண் பாதைக்குச் சரளை போடுவது. அதுவும் அங்கே தேர்தலில் ஜெயித்து வரும் பதவிதான், வருஷத்துக்கு வருஷம். கறியும் சோளமும் மசித்த உருளைக்கிழங்கும் அடுக்கிச் சுட்டதைத் தட்டில் வெட்டி வைத்துக்கொண்டான்.

"எழுதித் தொலையேன். உனக்கு ஒரு மார்க்குதானே?"

"எனக்கு வாங்கத் தெரியாம இல்ல."

"அப்புறம் என்ன?"

"நான் தப்பாச் சொன்னா உருளைக்கிழங்குக்கு ஒண்ணும் ஆகாது வெண்டெல். அவன் தப்பாச் சொன்னா அது சட்டமாயிடும். பரீட்சை யாருக்கு வேணும்?"

வெண்டெல் மென்றான். "ஊர்க்கூட்டத்து அன்னிக்குத்தான் என் பேரும் ஓட்டுச் சீட்டுல இருக்கு. நீ ஹக்கின்ஸோட மல்லுக்கு நின்னா..."

"உன்னை எதிர்த்துப் பதினொரு வருஷமா எவனும் நிக்கல. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து பனி தள்ள இந்த ஊர்ல வேற எந்த முட்டாளும் கிடையாது."

"அது சரிதான்," என்றான், கொஞ்சம் பெருமையோடு. பிறகு மெதுவாக, "எனக்கும் அந்தப் பரீட்சை வெச்சிடுவாங்களா?" என்றான். பள்ளியில் பரீட்சை நாளன்று வாந்தி எடுக்கிற பையனாக இருந்தவன் அவன்.

ஊர்க்கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்வைக்க இருபத்தைந்து வாக்காளர்களின் கையெழுத்து வேண்டும். க்ளாடெட் பள்ளி விடும் நேரத்தில் வாகன வரிசையில் ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டினாள். வாசகத்தை அவளே எழுதினாள்: 'நமக்காகச் சட்டம் போடத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் தாங்கள் வைத்த அதே குடிமையியல் பரீட்சையை எழுத வேண்டும் என்று இந்த ஊர் கேட்டுக்கொள்கிறது. அவர்கள் மார்க்கை ஊர் மன்றக் கதவில் ஒட்ட வேண்டும்.' அதற்கு மேல் ஒரு வரி இல்லை. தோற்றவன் பதவி இழக்க வேண்டும் என்று எழுதச் சொல்லிச் சிலர் தூண்டினார்கள். "பதவியை ஓட்டு பாத்துக்கட்டும். எனக்கு மார்க் தெரிஞ்சாப் போதும்," என்றாள். வெண்டெல் தாளைக் கையில் வாங்க மாட்டேன் என்றான். ஆனால் ஒன்றைப் பனி வண்டியின் முன்பலகையில் மறந்து வைத்துவிட்டுப் போன மாதிரி விட்டிருந்தான். அதில் மூன்று கையெழுத்து சேர்ந்தது. மொத்தம் நாற்பத்தொன்று.

கூட்டத்தன்று அது இருபத்து மூன்றாவது தீர்மானம். கடைசி. க்ளாடெட் பீன்ஸ் பரிமாறி, தட்டுகளை ஊறப்போட்டு, சமையல் மேலங்கியைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்தாள். உடற்பயிற்சிக் கூடத்தில் ஈரக் காலணி வாசம். பாதிப் பேர் போயிருக்க வேண்டும், வழக்கமாக அப்படித்தான். அன்று யாரும் போகவில்லை.

எவெலின் தீர்மானத்தை வாசித்தார். குரலில் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ எதுவும் இல்லை. ட்வைட் முதலில் எழுந்தான்.

"கூட்டத் தலைவர் அவர்களே. முதல் விஷயம், இந்தக் கூட்டத்துக்கு மாநில உறுப்பினரைக் கட்டாயப்படுத்த அதிகாரம் கிடையாது."

"சரி," என்றார் எவெலின். "தீர்மானம் கேட்டுக்கத்தான் செய்யுது. கட்டாயப்படுத்தல."

"ரெண்டாவது, எனக்குப் பரீட்சை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்குது. ஓட்டுதான் பரீட்சை. நாலு தடவை தேறிட்டேன்."

கொஞ்சம் கைதட்டல். க்ளாடெட் எழுந்தாள். அங்கே பேசுகிறவர்கள் கூட்டத் தலைவரைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அவளும் எவெலினைப் பார்த்தே பேசினாள். ஆனால் யாரிடம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது.

"கூட்டத் தலைவர் அவர்களே. ஓட்டு, எங்களுக்கு ஆளைப் பிடிச்சிருக்கான்னு பாக்குற பரீட்சை. ஆளுக்கு விஷயம் தெரியுமான்னு பாக்குறது இல்ல. எனக்கும் இந்த ஊர்ல எல்லாரையும் பிடிக்கும், என் பீன்ஸை எல்லாருக்கும் பிடிக்கும். சமையற்கட்டுக்கு அது போதாதுன்னு சொன்னாங்க. காகிதம் கேட்டாங்க. அந்தக் காகிதத்தைக் கேக்குற சட்டத்தைப் போட்டவங்களை ஒரு மணி நேரம் உக்காந்து எழுதச் சொல்றேன். வேற ஒண்ணும் கேக்கல."

"அவளுக்கு ஒரு மார்க் போனதுக்கு என்னைப் பிடிச்சுத் தொங்குறா," என்றான் ட்வைட். சிரித்துக்கொண்டேதான். "எழுதணும்னா நம்ம ஊர்ல இருந்தே ஆரம்பிங்க. இந்த ஊருக்குச் சட்டம் போடுறது இதோ இந்த மூணு நிர்வாகிகள். முதல்ல அவங்க எழுதட்டும்."

மேடை மேசையில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். க்ளாடெட் அவசரப்படவில்லை. எரிகிற அடுப்பிலிருந்து தட்டை எடுக்கிறவள் முதலில் துணியைத் தேடுவாள்.

"கூட்டத் தலைவர் அவர்களே, ஒரு சந்தேகம். உறுப்பினர் இப்ப சொன்னது சரியா? இந்த ஊருக்குச் சட்டம் போடுறது அவங்க மூணு பேரா?"

எவெலின் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்தார். "விதி பத்தின கேள்வி, பதில் சொல்லியாகணும். இல்லை. நிர்வாகிகள் நிறைவேத்துறவங்க. இந்த ஊருக்குச் சட்டம் போடுறது இந்தக் கூட்டம்."

"எனக்கு அதுக்குத்தான் ஒரு மார்க் போச்சு ட்வைட்," என்றாள் க்ளாடெட், இப்போது நேராக அவனைப் பார்த்து. "உனக்கு என்ன போகும்?"

சிரிப்பில் கூரை அதிர்ந்தது. எவெலின் சுத்தியலைத் தட்டினார், தலைவரைப் பார்த்துப் பேசு என்றார். அதற்குள் பின்வரிசையிலிருந்து பால் பண்ணைக்கார ஆரின் ஸ்டைல்ஸ் கத்தினார்: "இரு, இரு. சட்டம் போடுறது நாமன்னா, உன் தீர்மானப்படி நாமளும்ல எழுதணும்?"

சிரிப்பு அப்படியே நின்றது. க்ளாடெட் இதை யோசித்திருக்கவில்லை. நூற்று நாற்பது முகங்கள் அவளைப் பார்த்தன. கையெழுத்துப் போட்ட நாற்பத்தொரு பேரும் அதில் இருந்தார்கள். பின்வாங்கினால் ஒரு நிமிஷத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம்.

"ஆமா," என்றாள். "எழுதணும். எல்லாரும். அதையும் சேத்துக்கறேன்."

"திருத்தம்," என்றார் எவெலின். "அடுத்த வாரம் சனிக்கிழமை பள்ளி உணவுக்கூடத்துல வெச்சுக்கலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவங்க மார்க் கதவுல. மத்தவங்க தங்களுதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம். யாராவது ஆதரிக்கிறீங்களா?"

யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்போது சுவரோரம், சரளை பற்றிப் பேசுவதைத் தவிர எதற்கும் எழுந்திராத ஒருவன் எழுந்தான்.

"ஆதரிக்கிறேன்," என்றான் வெண்டெல். முகம் வெளுத்திருந்தது. உடனே உட்கார்ந்துவிட்டான்.

ஆரஞ்சு அட்டைகள் எழுந்தன. எண்ணினார்கள். எழுபத்து நாலுக்கு அறுபத்தொன்று. நிறைவேறியது.

சனிக்கிழமை அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். நிர்வாகிகள் மூவரும் வந்தார்கள், வேறு வழியில்லை. ட்வைட்டின் மனைவி கேய்ல் ஹக்கின்ஸ் தனியாக வந்து, யாரையும் பார்க்காமல் கடைசி மேசையில் உட்கார்ந்தாள். ட்வைட் வரவில்லை. தலைநகரில் வேலையிருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். அவன் வண்டி ஏரிக்கரையில் மீன்பிடிக் குடிசைக்குப் பக்கத்தில் நின்றதை வரும்வழியில் நாலு பேர் பார்த்திருந்தார்கள். க்ளாடெட் எல்லோருக்கும் பென்சில் கொடுத்தாள். கேய்லுக்கும் கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. தனக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

எவெலின் அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "உக்காந்து எழுது. அவன் வராதது அவனோட அசிங்கம், உன்னுது இல்ல."

"சொன்னேன்ல. அவன் எழுதுற அன்னிக்கு."

"கடைசித் தேதி வெள்ளிக்கிழமை, க்ளாடெட்."

"தேதி எனக்கும் தெரியும்."

வெண்டெல் முப்பத்தேழு வாங்கினான். அந்த மார்க் ஊர் மன்றக் கதவில் ஒட்டியிருந்தது. நகல் ஒன்று வீட்டில் குளிர்பெட்டிக் கதவில், பேரப்பிள்ளை வரைந்த யானைக்குப் பக்கத்தில். அன்று அவன் மூன்று தடவை பால் எடுக்கப் போனான்.

திங்கட்கிழமை பாத்திரமெல்லாம் கழுவி முடித்து, சரியாக இரண்டேகாலுக்கு க்ளாடெட் ட்வைட்டின் எண்ணெய் அலுவலகத்துக்குப் போனாள். முன்னால் கல்லாவில் கேய்ல். உள்ளே ட்வைட்டின் மேசை, எதிரே வாடிக்கையாளர் நாற்காலி. க்ளாடெட் அதில் உட்கார்ந்து, மேசை மேல் இரண்டு பென்சில்களை வைத்தாள்.

"என்ன இது?"

"எவெலின் எங்க வேணாலும் வந்து நடத்துவா. கேட்டுட்டேன். நீ சரின்னா போன் பண்றேன். அம்பது நிமிஷம்."

அவன் சிரித்து, தலையை ஆட்டி, போனை எடுத்துக்கொண்டான். அவள் நாலு மணி வரை உட்கார்ந்திருந்து எழுந்து போனாள். செவ்வாய்க்கிழமை அவள் வண்டியைக் கண்டதும் அவன் பின்கதவு வழியாகப் போய்விட்டான். அவள் நாலு மணி வரை காலி நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். புதன்கிழமை அவன் ஊர்க் காவலரைக் கூப்பிட்டான். காவலர் வந்தார், கேய்ல் ஊற்றிய காபியைக் குடித்தார்.

"இவ உங்க வாடிக்கையாளரா?"

"பதினெட்டு வருஷமா," என்றாள் க்ளாடெட்.

"வாடிக்கையாளர் நாற்காலியில வாடிக்கையாளர் உக்காந்திருக்கா," என்று காவலர் குறித்துக்கொண்டு போனார். அவர் அந்தச் சனிக்கிழமை முப்பத்தொன்பது வாங்கியிருந்தார்.

வியாழக்கிழமை ட்வைட் சிரிப்பை விட்டுவிட்டான். "நாளைக்கு அந்தப் பதவி கைவிட்டுப் போயிடும். அதைக் கொண்டுவந்து என் தலையில போடாத."

"போனாப் போகட்டும். வர்ற திங்கக்கிழமையும் இதே நேரத்துக்கு வருவேன். எனக்குத்தான் அப்புறம் ஒரு அவசரமும் இருக்காதே."

அன்று வீட்டில் வெண்டெல் விண்ணப்பப் படிவத்தை, மேப்பிள் பாகு படாமல், சமையல் மேசையின் ஓரத்தில் நேராக வைத்திருந்தான். மற்ற எல்லா இடமும் நிரப்பியிருந்தது. சான்றிதழ் என்ற கட்டம் ஒன்றுதான் காலி. க்ளாடெட் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம். வெளியூரிலிருந்து வரப்போகும் அந்த ஒருத்தருக்கு நல்ல காலணி இருக்குமா, அந்தத் தரை வழுக்கும் என்று யாராவது சொல்வார்களா என்றெல்லாம் புத்தி போனது. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தாள்.

வெள்ளிக்கிழமை இரண்டேகால். வெண்டெல்தான் அவளைக் கொண்டுவந்து விட்டான். வாசலிலேயே வண்டியில் உட்கார்ந்திருந்தான். அலுவலகத்தில் எண்ணெய் கேட்டு வந்தவர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். க்ளாடெட் பென்சில்களை வைத்தாள். ட்வைட் அவள் தலைக்கு மேலாக அடுத்த ஆளைப் பார்த்து, "சொல்லுங்க," என்றான்.

கல்லாவிலிருந்து கேய்லின் குரல் வந்தது. "எழுதித் தொலை ட்வைட்."

"நீ இதுல தலையிடாத."

"நான் எழுதிட்டேன். சனிக்கிழமை. நாப்பத்தொண்ணு."

அவன் திரும்பினான். "நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கல. ஏரியில மீன் பிடிச்சுட்டு இருந்த. ஒரு மீனையும் காணோம்." கேய்ல் ரசீதைக் கிழித்து வாடிக்கையாளரிடம் நீட்டினாள். "இந்த வாரம் பூரா போன்ல எல்லாரும் எண்ணெய் கேக்குறதுக்கு முன்னாடி, உன் புருஷன் எழுதிட்டானான்னுதான் கேக்குறாங்க. எனக்கு வாய் வலிக்குது."

காத்திருந்தவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். யாரும் வெளியே போகவில்லை. ட்வைட் அவர்களைப் பார்த்தான், பென்சில்களைப் பார்த்தான். பிறகு ஒன்றை எடுத்தான்.

"கூப்பிடு அந்த அம்மாவை."

எவெலின் பத்து நிமிஷத்தில் ஒட்டிய உறைகளோடு வந்தார். முத்திரையைப் பிரித்தார். தாள்களைக் கவிழ்த்து வைத்தார். "பேசக்கூடாது. பாக்கக்கூடாது. ஆரம்பிங்க." அந்தச் சின்ன அறையில் ஒரே மேசையின் இரண்டு பக்கத்திலும் இருவர் குனிந்து எழுதினார்கள். கதவுக்கு வெளியே வாடிக்கையாளர்கள் கிசுகிசுவென்று கேய்லிடம் எண்ணெய் அளவைச் சொன்னார்கள்.

க்ளாடெட் வேகமாகப் போனாள். பதினெட்டாவது கேள்வி: நாட்டின் அரசியல் சட்டத்தைத் திருத்த எத்தனை பங்கு மாநிலங்களின் ஒப்புதல் வேண்டும்? நாலில் மூன்று. எழுதிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே ட்வைட்டின் பென்சில் பதினெட்டிலேயே நின்றிருந்தது. அவன் தலை மெல்ல, ரொம்ப மெல்ல, அவள் பக்கம் சாய்ந்தது. பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சையில் சாய்ந்த அதே சாய்வு. அன்று அவள் பாவம் என்று தாளைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

இப்போது இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டு எழுதினாள்.

மூன்று இருபதுக்கு எவெலின் அங்கேயே, கல்லா மேல் வைத்துத் திருத்தினார். க்ளாடெட்டுக்கு நாற்பத்தாறு. மார்க் சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்; சான்றிதழ் கைக்கு வரும்வரை விண்ணப்பத்துக்கு அது போதும். ட்வைட்டின் தாளை இரண்டாக மடித்து அவனிடம் நீட்டினார். அவன் விரித்துப் பார்த்தான். மறுபடி மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

க்ளாடெட் மார்க் சீட்டைக் கைப்பையில் போட்டாள். விடைத்தாள் அவளுடையது, வைத்துக்கொள்ளலாம். கல்லாவிலிருந்த ஒட்டும் டேப்பைக் கேய்லிடம் கண்ணால் கேட்டு எடுத்து, தன் தாளை, சிவப்பு வட்டங்களோடு, அலுவலகத்தின் கண்ணாடிக் கதவில் தெருப்பக்கம் பார்க்க ஒட்டினாள். நாலு மூலையிலும் அழுத்தித் தேய்த்தாள். டேப்பைக் கொண்டுவந்து ட்வைட்டின் மேசை மேல் வைத்தாள்.

"ஊர் மன்றம் வரைக்கும் நீ நடக்க வேண்டாம். பக்கத்துல இடம் விட்டிருக்கேன்."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

வெண்டெல் இன்ஜினை அணைக்காமலே வைத்திருந்தான். மடியில் விண்ணப்பம். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

"எத்தனை?"

"நாப்பத்தாறு."

"என்னைவிட ஒன்பது கூட," என்றான், கொஞ்சம் மனத்தாங்கலோடு.

"மணி மூணரை. வண்டியை எடு."

முழங்கால் மேல் படிவத்தை வைத்து, குலுங்குகிற வண்டியிலேயே, அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பினாள்.